புது வேலையில் நீட்டும் பாரக் கட்டு: எதை நிதானமாகப் படிக்க வேண்டும்?

[திரையில்: மேசைமேல் தடிமனான ஒரு கோப்பு, பக்கத்தில் ஒரு பேனா]

வணக்கம். பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் உங்களுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் காலையிலேயே ஒரு கட்டுப் பாரம், அதாவது நிரப்ப வேண்டிய படிவங்கள், கைக்கு வந்துவிடும். இபிஎஃப் (ஓய்வுகாலச் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), வருமான வரி, மெடிக்கல் கார்டு, குழு ஆயுள் காப்புறுதி என்று எல்லாம் அதில் இருக்கும். “மதியத்துக்குள்ள சைன் பண்ணிக் குடுத்துடுங்க தம்பி” என்பார் எச்.ஆர். அக்கா. இது எதற்கு என்று கேட்டால், “எல்லாம் போர்ட்டல்ல இருக்கு லா” என்பார். அந்தப் போர்ட்டலுக்கான பாஸ்வேர்டு அடுத்த வாரம்தான் வரும்.

எல்லாப் பக்கத்தையும் ஒரே அவசரத்தோடு நீட்டுவதுதான் இதில் பெரிய எரிச்சல். பாதிக்கு மேல் நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் சட்டப்படி நடந்தே தீரும். உங்கள் முடிவு தேவைப்படும் பக்கங்கள் கொஞ்சம்தான். ஆனால் அவைதான் கட்டின் அடியில் கிடக்கும்.

முதலில் சட்டப்படி தானாக நடப்பதைப் பார்த்துவிடுவோம்.

[திரையில்: ஒரு பேஸ்லிப், இபிஎஃப் வரி மட்டும் பெரிதாக]

சம்பளம் 3,500 ரிங்கிட் என்றால் இபிஎஃப்புக்கு உங்களிடம் 11 விழுக்காடு பிடிப்பார்கள், அதாவது 385 ரிங்கிட். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 455 ரிங்கிட் போட வேண்டும். சம்பளம் 5,000 ரிங்கிட்டைத் தாண்டினால் முதலாளி பங்கு 12 விழுக்காடாகக் குறையும். இதில் நீங்கள் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேஸ்லிப்பில் பிடித்திருக்கிறார்கள் என்றால் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஒரு மாதச் சம்பளத்துக்கான பணம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு இபிஎஃப்பின் இணையக் கணக்கான ஐ-அக்காவுனைத் திறந்து ஒரு தடவை பாருங்கள். இல்லையென்றால் அன்றே கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

சொக்சோவும் அப்படித்தான், தானாக நடக்கும். பட்டர்வொர்த்திலிருந்து மோட்டாரில் பாலத்தைத் தாண்டி வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவில், வழக்கமான வழியில் நடக்கும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. வழியை விட்டு விலகி வேறு சொந்த வேலைக்குப் போயிருந்தால், அதை வேலை சார்ந்த விபத்தாகக் காட்டுவது சிக்கலாகிவிடும்.

“புரோபேஷனில் எம்.சி. கிடையாது”, அதாவது வேலை உறுதியாகும் முன் மருத்துவ விடுப்பு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்திருப்பவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. கம்பெனி நியமித்த பேனல் கிளினிக் டாக்டரிடம் சான்று வாங்கி, 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இப்போது அடியில் கிடக்கும் பக்கங்களுக்கு வருவோம்.

[திரையில்: ‘வாரிசு’ என்று தலைப்பிட்ட வெற்றுப் பாரம்]

குழு ஆயுள் காப்புறுதிப் பாரத்தில் வாரிசுப் பெயர் கேட்பார்கள். அதை நிரப்பிக் கொடுத்ததும் இபிஎஃப்புக்கும் சேர்த்து எழுதியாகிவிட்டது என்று நிறைய பேர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இபிஎஃப் நியமனம், அதாவது நீங்கள் இறந்தால் பணத்தை யார் பெறுவது என்று எழுதிவைப்பது, உங்களுக்கும் இபிஎஃப் வாரியமான கே.டபிள்யூ.எஸ்.பி.க்கும் இடையில் நடப்பது. எச்.ஆர். அதைத் தொடுவதே இல்லை. பத்தொன்பது வயதில் முதல் வேலைக்குப் போனபோது அம்மா பெயரை எழுதியிருப்பீர்கள். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் ஆகியிருக்கும். கல்யாணம் ஆனதால் அந்த நியமனம் ரத்தாகாது. உயில் எழுதினாலும் மாறாது. புதிதாக நியமனம் செய்தால்தான் மாறும். யார் பெயருமே இல்லையென்றால், பெரிய தொகையை எடுக்கக் குடும்பம், இறந்தவர் சொத்தை நிர்வகிக்க அனுமதிக்கும் நிர்வாகப் பத்திரம் வாங்க அலைய வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பினாங்கில் இதைச் சொல்லாமல் விட முடியாது. முஸ்லிம் அல்லாதவர் எழுதும் பெயருக்கு உரியவர் பணத்தைத் தன் சொந்தப் பணமாகவே பெறுவார். தமிழ் முஸ்லிம் நண்பர்களுக்கு அப்படியில்லை. அங்கே நியமிக்கப்பட்டவர் நிர்வாகி மட்டும். பணத்தை ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி வாரிசுகளுக்குப் பிரித்துத் தர வேண்டியது அவர் பொறுப்பு. “அவளுக்கே எல்லாம் எழுதிவிட்டேன்” என்ற நினைப்பு அங்கே செல்லாது.

[திரையில்: மெடிக்கல் கார்டு, முன்பக்கமும் பின்பக்கமும்]

அடுத்தது மெடிக்கல் கார்டு. கார்டைப் பார்த்ததும் வரும் தைரியத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பல கம்பெனிகளில் வேலை உறுதியாகும் வரை கிளினிக் செலவு மட்டும்தான், மருத்துவமனைக் கார்டு பிறகுதான் வரும். எந்தத் தேதியிலிருந்து செல்லும், அறைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, ஆண்டு வரம்பு எவ்வளவு, ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று வாட்ஸ்அப்பில் அல்ல, மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும். மனைவி, பிள்ளைகளைச் சேர்க்கும் கெடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அந்தத் தேதியையும் கேட்டு வாங்குங்கள். அது தாண்டிவிட்டால் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்கச் சொல்வார்கள். அப்பா அம்மாவைப் பெரும்பாலும் சேர்க்கவே முடியாது.

உடல்நலக் கேள்விகள் இருந்தால் உண்மையை எழுதுங்கள். மறைத்துவிட்டு, மருத்துவமனையில் சேரும் நாளில், செலவை ஏற்பதாகக் காப்புறுதி நிறுவனம் தரும் கேரண்டி லெட்டர் வராமல் அட்மிஷன் கவுண்டரில் நிற்பதைவிட மோசமான இடம் வேறில்லை.

என் கருத்தில் இங்கே நடக்கும் பெரிய தவறு, கம்பெனி கார்டு வந்த சந்தோஷத்தில், சொந்தமாகப் பணம் கட்டி வைத்திருக்கும் மெடிக்கல் கார்டை நிறுத்துவது. மாதம் கொஞ்சம் பணம் மிச்சம்தான். ஆனால் வேலையை விட்டால் கம்பெனி கார்டும் போய்விடும். அப்போது வயது கூடியிருக்கும், ஒரு நோயும் சேர்ந்திருக்கலாம், புதிதாக வாங்கப் போனால் விலையும் நிபந்தனையும் வேறாக இருக்கும்.

[திரையில்: டிபி 3 பாரம்]

கடைசியாக, யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு தாள். ஆண்டு நடுவில் வேலை மாறியவர்கள் புதுக் கம்பெனியிடம் டிபி 3 என்ற வருமான வரிப் பாரம் கொடுக்க வேண்டும். அதே ஆண்டில் பழைய இடத்தில் வாங்கிய சம்பளமும், அங்கே கட்டிய பிசிபியும் (மாத வரிப் பிடித்தம்) இபிஎஃப்பும் அதில் போகும். இதைக் கொடுக்காவிட்டால் புதுக் கம்பெனியின் கணக்கு, உதாரணமாக ஜூலையில் சேர்ந்திருந்தால், ஜனவரியிலிருந்து ஜூன் வரை நீங்கள் ஒரு சென் கூடச் சம்பாதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளும். மாதப் பிடித்தம் குறையும், கையில் கூடுதலாக வரும், நமக்கும் குஷியாக இருக்கும். அடுத்த ஆண்டு இரண்டு கம்பெனியும் தரும் ஆண்டுச் சம்பள அறிக்கையான இஏ பாரத்தை வைத்து வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போதுதான் பாக்கித் தொகை மொத்தமாக வந்து நிற்கும். பழைய கம்பெனியிடம் விவரம் கேட்டு அலைய வேண்டியதில்லை. அங்கே வாங்கிய கடைசி பேஸ்லிப்பில் பெரும்பாலும் அந்த ஆண்டின் மொத்தம் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்தே நிரப்பிவிடலாம்.