லுக்பானுக்குத் திருவிழாவுக்கு முன்பே செல்லுங்கள்

"பிலிப்பைன்ஸ் செல்லவிருக்கிறேன். கடற்கரைகளைத் தவிர்த்து, ஏதேனும் ஒரு சிற்றூரில் தங்கி அதன் மரபை அறிய விரும்புகிறேன். லுக்பான் ஊரின் பஹியாஸ் திருவிழா நாளில் மட்டும் சென்றால் போதுமா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த ஒரு நாள் போதாது என்பதே என் விடை.

லுக்பான், லூசோன் தீவின் கெசோன் மாகாணத்தில் பனஹாவ் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மணிலாவிலிருந்து பேருந்தில் லுசேனா நகரம் வரை சென்று, அங்கிருந்து ஜீப்னி என்னும் சிற்றுந்தில் போகலாம். லுக்பான் என்றால் தகாலோக் மொழியில் பம்பளிமாஸ் என்று பொருள். உழவர்களின் காவலராக வணங்கப்படும் புனித இசிதோருக்கு நன்றி செலுத்தும் விதமாக, ஆண்டுதோறும் மே 15ஆம் நாள் அங்கே பஹியாஸ் கொண்டாடப்படுகிறது. முன்பு உழவர்கள் தங்கள் விளைச்சலைத் தேவாலயத்துக்கே கொண்டுவந்து ஆசி பெற்றார்கள் என்றும், அங்கே இடம் போதாமல் போனதால் அவரவர் வீட்டு வாசலிலேயே வைக்கும் வழக்கம் வந்தது என்றும் ஊரார் சொல்கிறார்கள்.

அன்று நெற்கதிரும் காய்கனிகளும் நிறைந்த வாசல்களை நீங்கள் காண்பீர்கள். அந்த அலங்காரத்தின் உயிர் கிப்பிங் எனப்படும் வண்ண இலைகளில்தான் இருக்கிறது. ஊறவைத்த அரிசியை அரைத்து, வண்ணம் சேர்த்து, மாவை உண்மையான இலையின் மேல் மெல்லியதாகத் தடவி, ஆவியில் வேகவைத்து, பிறகு பக்குவமாக உரித்து, சுருளாதபடி பாரம் வைத்து உலர்த்துகிறார்கள். இலை வடாம் இட்டுப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த வேலையின் நுட்பம் உடனே புரியும். இலையின் நரம்புகள்கூட மாவில் அப்படியே பதிந்துவிடுகின்றன. அவற்றை அடுக்கடுக்காகக் கோத்து, அரங்யா என்னும் பெரிய தொங்குவிளக்கு வடிவங்களைச் செய்து வீட்டு முகப்பில் தொங்கவிடுகிறார்கள். திருவிழாவன்று முடிந்த அலங்காரம் மட்டுமே கண்ணில் படும். உரிக்கும் கையையும் கோக்கும் கையையும் பார்க்க வேண்டுமானால், சில நாட்கள் முன்னதாகவே போயிருக்க வேண்டும்.

திருவிழா ஊர்வலம் செல்லும் தெருக்களின் வீடுகளே இப்படி அலங்கரிக்கப்படும்; அந்தப் பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு தெருவுக்கு அந்த முறை மீண்டும் வரச் சில ஆண்டுகள் ஆகலாம் என்பதால், முறை வரும் வீட்டார் அதில் முழு மனத்தையும் செலுத்துகிறார்கள். இவ்வாண்டு எந்தெந்தத் தெருக்கள் என்று நகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அந்தத் தெருக்களில் காலையில் நடந்து பாருங்கள். பூரி என்னும் பனையின் இளம் மட்டைகளிலிருந்து எடுக்கும் புந்தால் நாரால் தொப்பி பின்னும் கலையும் இவ்வூருடையதே. அந்தப் பனை நம் தாளிப்பனையின் இனத்தைச் சேர்ந்தது.

திருவிழாவை மட்டும் பார்த்துத் திரும்புவோர் பெரும்பாலும் அறியாத ஒருவரையும் நீங்கள் அறிய வேண்டும். எர்மானோ பூலே என்று மக்கள் அழைக்கும் அப்போலினாரியோ தெ லா குரூஸ் இவ்வூரில் பிறந்தவர். ஸ்பானியர் அல்லாத, பிலிப்பைன்ஸ் மண்ணின் மகன் என்பதாலேயே துறவியர் சபையில் சேர இடம் மறுக்கப்பட்ட அவர், 1832இல் எளிய மக்களுக்கென்று புனித சூசையப்பர் பெயரில் ஒரு பக்தி சபையை நிறுவினார். ஸ்பானிய ஆட்சி அதைத் தடைசெய்து, படையை ஏவி, 1841 நவம்பரில் அருகிலுள்ள தயாபாஸில் அவரைக் கொன்றது. வழிபாட்டில் சமமான இடம் கேட்டதற்காக உயிரைக் கொடுத்த ஒருவரின் ஊரில் நிற்கிறோம் என்ற உணர்வோடு அந்தத் தேவாலயத்துக்குள் நுழையுங்கள்.

முதியவர்களைச் சந்திக்கும்போது, "மானோ போ" என்று சொல்லி அவர்கள் கையை எடுத்து உங்கள் நெற்றியில் வைத்துக்கொள்ளலாம். "போ" என்ற சொல் நம் காதுக்கு வேறு விதமாக ஒலித்தாலும், அங்கே அது மரியாதைச் சொல். வாழையிலையில் தரும் பன்சித் ஹப்ஹப் என்னும் நூடுல்ஸை, காடி ஊற்றி, கை படாமல் வாயாலேயே உண்பதுதான் முறை. தயங்காமல் அப்படியே உண்ணுங்கள்.

முடிந்தால் மே 16ஆம் நாளும் அங்கேயே தங்குங்கள். இறக்கி வைத்த கிப்பிங்கைப் பொரித்து உண்பது அவர்கள் வழக்கம். முன்னதாகவே சென்று பழகியிருந்தால், உங்களுக்கும் ஒன்று கிடைக்கக்கூடும்.