பிஎச்பி ஃபங்ஷன் பேருக்குப் பின்னாடி இப்படி ஒரு காரணமா?

எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ். வெப்சைட் எழுதுற மொழியான பிஎச்பில கை வெச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச ஃபங்ஷன், அதாவது பேரைச் சொல்லிக் கூப்பிடுற கோட் துண்டு. இங்கிலீஷ்ல 16 எழுத்து, நடுவுல ஒரு அண்டர்ஸ்கோர் (_) கூட கிடையாது. ஏன் இப்படிப் பேர் வெச்சாங்க? காரணத்தைக் கேட்டா தலையில அடிச்சுக்குவீங்க.

பேர்ல இருக்கிற வார்த்தைகளை அண்டர்ஸ்கோர் போட்டுச் சேர்த்தா ஸ்னேக் கேஸ், ஒட்டி எழுதி அடுத்த வார்த்தையைப் பெரிய எழுத்துல ஆரம்பிச்சா கேமல் கேஸ்.

பிஎச்பியை உருவாக்கின ராஸ்மஸ் லெர்டார்ஃப் 2013-ல அவரே சொன்ன விஷயம் இது. ஆரம்பத்துல பிஎச்பில மொத்தமே 100 ஃபங்ஷன்கூட இல்ல. நீங்க எழுதுற பேரை வெச்சு சரியான ஃபங்ஷனைக் கண்டுபிடிக்க ஒரு ஹேஷ் வேணும், அதாவது பேரை எந்தக் குழுவுல (பக்கெட்ல) தேடணும்னு சொல்ற ஒரு எண். அவர் எதை ஹேஷா எடுத்தார் தெரியுமா? பேரோட நீளத்தை! அஞ்செழுத்துப் பேரெல்லாம் ஒரு பக்கெட், ஆறெழுத்துப் பேரெல்லாம் இன்னொரு பக்கெட். எல்லாப் பேரும் ஒரே நீளத்துல இருந்தா ஒரே பக்கெட் ரொம்பி வழியும், தேடுறது மெதுவாகும். அதனால வேணும்னே சில பேரைக் குட்டையா, சிலதை நீட்டமா வெச்சிருக்கார். ஹேஷை மாத்துறதுக்குப் பதிலா பேரை மாத்தின மனுஷன்!

அந்த ஹேஷ் போய் எத்தனையோ வருஷமாச்சு. பேரு மட்டும் போகல. ஸ்டர்லென்ல அண்டர்ஸ்கோர் இல்ல, ஸ்டர்_ரிப்ளேஸ்ல இருக்கு. பேர் மட்டுமில்ல, வரிசையும் குழப்பம்தான்: இன்_அரேக்குத் தேடுற பொருளை முதல்ல கொடுக்கணும், ஸ்டர்பாஸுக்குத் தேடுற இடத்தை முதல்ல கொடுக்கணும். இன்னிக்கும் மேனுவலைத் திறந்து பார்த்துட்டுத்தான் எழுதணும்.

"சரி, இப்ப மாத்திட வேண்டியதுதானே?" மாத்தினா பழைய பேரை நம்பி எழுதின கோடெல்லாம் உடைஞ்சிடும். பைத்தான் மொழில, கோடைச் சோதிக்கிற யூனிட்டெஸ்ட்டோட 'அஸர்ட்ஈக்வல்ஸ்'ங்கிற பழைய பேரை, பல வருஷம் எச்சரிக்கை கொடுத்துட்டுத்தான் 2023-ல வந்த 3.12-ல தூக்கினாங்க. கடைசில ஒரே ஒரு 'எஸ்' எழுத்து. அதுக்கே அவ்வளவு பொறுமை!

வெளியாட்கள் பயன்படுத்தாத, நம்ம கோடுக்குள்ள மட்டும் இருக்கிற பேரா இருந்தாலும் தலைவலிதான். எல்எல்விஎம்ங்கிற கம்பைலர் புராஜெக்ட்டோட எல்எல்டி லிங்கர்ல (கோட் துண்டுகளை ஒரே புரோகிராமா சேர்க்கிற கருவி) 2019 ஜூலைல எல்லா வேரியபிளையும் மொத்தமா கேமல் கேஸுக்கு மாத்தினாங்க. இப்படிப் பண்ணா, எந்த வரியைக் கடைசியா யார் மாத்தினாங்கன்னு காட்டுற கிட் பிளேம்ல எந்த வரியைக் கேட்டாலும் பேர் மாத்தினவர்தான் வந்து நிப்பார். லாஜிக்கை எழுதினவர் காணாமப் போயிடுவார். அந்த மாதிரி கமிட்டை (கிட்ல சேமிச்ச ஒரு மாற்றம்) தாண்டிப் பார்க்கிற வசதி, இக்னோர்-ரெவ், அடுத்த மாசமே கிட் 2.23-ல வந்தது. பெரிய ரீநேம் பண்றீங்கன்னா அதைத் தனி கமிட்டா போடுங்க, லாஜிக் மாற்றத்தோட கலக்காதீங்க.

புதுப் பேர்களைச் சரிபார்க்கிற வேலையை, கோட் விதிகளைத் தானா சோதிக்கிற லிண்டர்கிட்ட விட்டுடுங்க, கோட் சேர்க்கிறப்ப தானா ஓடுற சோதனையான சிஐ-லயே சிவப்பு விழட்டும். அடுத்தவங்க கோடைப் படிச்சுப் பார்க்கிற ரிவ்யூல மனுஷங்க அண்டர்ஸ்கோருக்கு மல்லுக்கட்டுறது சுத்த டைம் வேஸ்ட்.

உங்க புராஜெக்ட்ல தொடவே பயப்படுற பேர் எது? கமெண்ட்ல போடுங்க, 'டேட்டா2_ஃபைனல்_நியூ' ரகமா இருந்தா பின் பண்றேன்.