பழைய கம்ப்யூட்டரில் எதை மாற்றுவது?

நேயர்களுக்கு வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். கடைக்கு வரும் மெஷின்களில் எந்தப் பழுதும் இல்லாதவை நிறைய உண்டு. "ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் அப்டியே சுத்திக்கினு கீதுண்ணே" என்பார்கள். கொண்டு வருகிறவரே மருந்தும் சொல்லிவிடுவார்: "ஃபார்மேட் அடிச்சிடுங்க", இல்லாவிட்டால் "ராம் ஏத்திடுங்க".

காசைச் செலவழிக்கும் முன் ஒன்று பாருங்கள். மெஷின் திணறும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு (கணக்குப் போடும் மூளை), மெமரி (ராம், ஓடும் வேலைக்கான தற்காலிக இடம்), டிஸ்க் (எல்லாவற்றையும் சேமிக்கும் இடம்) என்று வரிசையாக எண்கள் ஓடும். பல பழைய மெஷின்களில் சிபியு சும்மா உட்கார்ந்திருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். கீழே வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு ஒரு எம்பி. ஒரு எம்பிக்கா இந்த மூச்சு வாங்கல் என்று தோன்றும்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டுகள் சுழல்கின்றன. டெஸ்க்டாப்பில் இருப்பது பொதுவாக நிமிடத்துக்கு 7200 சுற்று. அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்குச் சற்று மேல். படிக்க வேண்டிய இடம், படிக்கும் முனைக்கு நேரே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடி. முனை சரியான தடத்துக்கு நகர இன்னொரு 9 மில்லி விநாடி வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒரு தகவல் துண்டை எடுக்க 13 மில்லி விநாடி. நொடிக்கு 75 துண்டுகள்தான் தேறும். ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் மொத்தம் 300 கேபி! பழைய லேப்டாப் டிஸ்க் பலவற்றில் 5400 சுற்றுதான், அது இன்னும் மோசம். விண்டோஸ் ஏறும்போது கேட்பதெல்லாம் இப்படிச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளைத்தான். பெரிய சினிமாவை ஒரே மூச்சில் நகலெடுக்கச் சொன்னால் அதே டிஸ்க் 100 எம்பிக்கு மேல்கூட ஓடும்.

ஃபிளாஷ் மெமரியில் சுழல்வது எதுவும் இல்லை. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்தது அது. மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து வைக்கும் நுண்ணிய அறைகள், எந்த அறையைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே நேரம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இந்த ஃபிளாஷில் செய்த டிஸ்க்தான் எஸ்எஸ்டி. சாதாரண எஸ்எஸ்டிகூட ஒரு துண்டை மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கில் கொடுத்துவிடும்.

இதைப் பென்டிரைவை வைத்தே சாதிக்க 2007இல் ஒரு முயற்சி நடந்தது. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ரெடிபூஸ்ட். பென்டிரைவைச் செருகினால், அடிக்கடி தேவைப்படும் சின்னத் துண்டுகளின் நகலை விண்டோஸ் அதில் வைத்துக்கொள்ளும். பெரிய கோப்புகளுக்கு ஹார்ட் டிஸ்க்கிடமே போகும். மூலம் டிஸ்க்கில் இருப்பதால் பென்டிரைவைப் பிடுங்கினாலும் நஷ்டமில்லை. நல்ல யோசனைதான், ஆனால் 512 எம்பி ராம் இருந்த காலத்துக்கு. 4 ஜிபி ராம் உள்ள மெஷினில் வித்தியாசம் கண்ணில் படாது. "பென்டிரைவால் கம்ப்யூட்டர் ராக்கெட் ஆகும்" என்று இன்றும் வீடியோ போடுகிறார்கள், விட்டுவிடுங்கள்.

மெமரி எப்போதும் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ராம் கேட்பது நியாயம். ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கையே ராமாக்கி ஓட்டும், அதனால் டிஸ்க்கும் சேர்ந்து திணறும். மற்றபடி முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான் என்பேன். கேபினெட்டைத் திறந்ததும் ராம் கார்டையும் கழற்றிப் பாருங்கள். காசிமேடு, ராயபுரம் பக்கத்து மெஷின்களில் கடல் காற்று பட்டு அதன் பொன்னிறப் பட்டைகள் மங்கியிருக்கும். பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்தால் போதும், சில மெஷின்கள் அதிலேயே எழுந்துவிடும்.

மதர்போர்டு பழையது, டிஸ்க்கை இணைக்கும் வழி சாட்டா 2 என்ற பழைய வகைதான் என்று தயங்க வேண்டாம். நொடிக்கு 550 எம்பி ஓடும் எஸ்எஸ்டி அதில் 280 எம்பிக்குள் அடங்கிவிடும், உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டியது சின்னத் துண்டு, அதில் பெரிய இழப்பில்லை. ரிச்சி தெருவில் எம்.2 கார்டு (போர்டிலேயே செருகும் சின்ன எஸ்எஸ்டி) வாங்கும்போதுதான் கவனம் தேவை. தங்கப் பட்டைப் பக்கம் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ என்ற வேறு வகை இணைப்பு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். போர்டு எதை ஏற்கும் என்று தெரியாமல் வாங்கினால் அலைச்சல்.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடை பில்லிங் மெஷினுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது: விண்டோஸும் பில்லிங் சாஃப்ட்வேரும் அதன் கணக்கும் எஸ்எஸ்டியில். கேமரா பதிவும் புகைப்படமும் பழைய ஹார்ட் டிஸ்க்கில். வீடியோ வரிசையாக எழுதப்படுவது, தட்டுக்கு அது சுலபம். கல்யாண வீடியோ எடிட் செய்யும் பையன்கள் இரண்டு டிஸ்க்கை ரெய்டு 0 ஆக (தகவலைப் பிரித்து இரண்டிலும் பாதி பாதியாக எழுதும்படி) இணைக்கச் சொல்வார்கள். வேகம் கூடும்தான், ஆனால் ஒன்று போனால் இரண்டிலும் உள்ளது போச்சு. முகூர்த்த வீடியோ திரும்ப எடுக்க முடியுமா?

எஸ்எஸ்டியை மூக்கு முட்ட நிரப்பவும் கூடாது. கடை வாசல் கரும்பலகையில் ஒரு விலையை மாற்ற முழுப் பலகையையும் துடைத்து எழுதுவது போலத்தான் ஃபிளாஷும் வேலை செய்கிறது; காலி இடம் குறைந்தால் அந்தத் துடைப்பு வேலையிலேயே நேரம் போகும். ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். டிஃப்ராக் (சிதறிய துண்டுகளை ஒன்றாக அடுக்குவது) செய்ய வேண்டாம். விண்டோஸ் 7 முதல் ட்ரிம் என்ற வசதி இருக்கிறது, காலியான இடம் எது என்று அதுவே எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும்.

அப்புறம் பேக்கப். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் டக் டக் என்று குரல் கொடுப்பதுண்டு. எஸ்எஸ்டி பல சமயம் சத்தமே இல்லாமல் போய்விடும், கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். யூபிஎஸ் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறு மெஷினிலிருந்து கழற்றிய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யூஎஸ்பி கேஸில் போட்டு, வாரம் ஒரு முறை கணக்கை நகலெடுத்து வீட்டில் வையுங்கள். பெட்டிக்குள் பூட்டி வைக்கும் இந்த வேலைக்கு எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அறைகளில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடும். வணக்கம்.