கண்ணெதிர் ஆபத்து: ஒரு குழுவும் ஒரு மனிதரும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

1950 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவில் ஒரு குழு வெளியே வந்து தன்னை அறிவித்துக்கொண்டது. 'கண்ணெதிர் ஆபத்து பற்றிய குழு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அது அரசாங்கக் குழுவும் அல்ல, கட்சியும் அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் அறிவியல் ஆய்வுகளை வழிநடத்திய வன்னெவர் புஷ், தரைப்படைத் துறையில் பெரிய பொறுப்பில் இருந்து விலகிய டிரேசி வூர்ஹீஸ் ஆகியோர் முன்னால் நின்றார்கள். நாட்டின் பாதுகாப்பைப் பற்றி மக்களிடம் பேச வந்த குடிமக்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள்.

என்ன கேட்டார்கள்? ஐரோப்பாவுக்குப் படை அனுப்ப வேண்டும் என்றார்கள். இதன் கனம் புரிய, அன்றைய நிலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வட அட்லாண்டிக் ஒப்பந்தம், அதாவது நேட்டோ, 1949 ஏப்ரல் 4 அன்றே கையெழுத்தாகிவிட்டது. ஒருவர் மேல் விழும் அடி எல்லார் மேலும் விழுந்த அடி என்று அதில் எழுதியிருந்தார்கள். சரி, எழுதியாயிற்று. ஆனால் சோவியத் படை நாளைக்கே ஜெர்மனிக்குள் நுழைந்தால் தடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? அமைதிக் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய் கடல் கடந்து போய் ஒரு கூட்டணிக்காகக் காவல் நிற்பது என்பது அந்த நாட்டுக்குப் பழக்கமே இல்லாத காரியம். போர் நடந்துகொண்டிருந்த கொரியாவிலோ நவம்பர் கடைசியில் சீனப் படை பெருமளவில் இறங்கி, அமெரிக்கப் படையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. மூன்றாம் உலகப் போர் தொடங்கிவிட்டதோ என்று வீடுகளில் பேசிக்கொண்ட நாட்கள் அவை.

குழு வந்து எட்டே நாளில் முன்னாள் குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் வானொலியில் பேசினார். ஐரோப்பா தன்னைக் காத்துக்கொள்ளத் தானே முனைந்து காட்டட்டும், அதுவரை இன்னும் ஆளும் பணமும் அனுப்பக் கூடாது என்பது அவர் வாதம். நாடாளுமன்ற மேலவையான செனட்டில் ராபர்ட் டாஃப்ட் அதே பக்கம் நின்றார். காங்கிரஸை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேட்காமல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் படையை அனுப்ப முடியுமா என்ற கேள்வியை எழுப்பினார். குழுவும் 1951-இல் இதே வானொலி வழியாகத்தான் வீடுகளுக்குள் போய்ப் பேசியது. ஒரு நாட்டின் கூட்டணியை ஒலிவாங்கிக்கு முன் இரண்டு தரப்பும் இப்படி வாதாடிய காலம் அது. இன்று அதே மாதிரி ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு பொறுப்புணர்வு வருகிறது.

மூன்று மாத வாதத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக இரண்டாண்டு நிறைந்த 1951 ஏப்ரல் 4 அன்று, நான்கு டிவிஷன், அதாவது நான்கு பெரிய படைப்பிரிவுகளை அனுப்ப 69-க்கு 21 என்று செனட் இசைந்தது. அதற்கு மேல் அனுப்புவதானால் காங்கிரஸின் ஒப்புதல் வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. இளைஞர் எல்லாருக்கும் கட்டாய ராணுவப் பயிற்சி வேண்டும் என்ற குழுவின் இன்னொரு கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை. 1953-இல் குழு கலைந்தது. கோனன்ட் மேற்கு ஜெர்மனிக்கு அமெரிக்க உயர் ஆணையராகப் போனார்.

இதுவரை கேட்டால் இது ஜனநாயகத்தின் நல்ல கதை. ஆனால் எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது.

1950 ஏப்ரலில், வெளியுறவுத் துறையின் கொள்கைத் திட்டப் பிரிவுத் தலைவராக இருந்த பால் நிட்சே முன்னின்று ஒரு ரகசிய ஆவணம் தயாரித்தார். என்எஸ்சி-68 என்று அதற்குப் பெயர். சோவியத் ஒன்றியத்தை எதிர்கொள்ள அமெரிக்காவும் அதன் தோழமை நாடுகளும் வேகமாகப் படை பெருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அது எழுதப்பட்ட காலத்திலேயே கோனன்டிடமும் கருத்துக் கேட்டார்கள். மூடிய அறைக்குள் அந்த ஆவணம் கேட்டதை வெளியே மேடையேறிக் குழு கேட்டது. வாக்களித்த மக்களோ அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. 1975-இல்தான் அது வெளியே வந்தது. இருபத்தைந்து ஆண்டு! அந்தக் குழுவினர் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மனதார நம்பினார்கள். அவர்கள் கண்ட ஆபத்தில் உண்மையும் இருந்தது. ஆனால் பிள்ளையைச் சிப்பாயாக அனுப்பப் போகிற தாய்க்கு, எந்தக் கணக்கை வைத்து அனுப்பச் சொல்கிறார்கள் என்று கேட்கும் உரிமை உண்டு. அந்தக் கணக்கை அவளிடம் காட்டவில்லை.

அப்புறம் 1976 நவம்பரில் அதே பெயரில் குழு மறுபடி எழுந்தது. இந்த முறை நிட்சே நேரடியாகவே முன்னால் நின்றார், யூஜின் ரோஸ்டோவுடன். சோவியத்தோடு ஆயுதக் குறைப்பு பேசுவதில் அமெரிக்கா ஏமாந்து போகிறது என்பது இவர்கள் வாதம். பால் வார்ன்கி என்பவரைக் குடியரசுத் தலைவர் கார்ட்டர் பேச்சுவார்த்தைத் தூதராக நியமித்தபோது, நிட்சே செனட் குழுவின் முன் போய் அவருக்கு எதிராகக் கடுமையாகச் சாட்சி சொன்னார். வார்ன்கி 58-க்கு 40 என்று தப்பினார். 1979-இல் வியன்னாவில் கையெழுத்தான, அணு ஆயுதங்களுக்கு வரம்பு கட்டும் சால்ட்-2 ஒப்பந்தம் செனட்டின் ஒப்புதலைக் கடைசிவரை பெறவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்தது அதற்கு உடனடிக் காரணம். குழுவின் இடைவிடாத பிரசாரமும் அதைப் பலவீனப்படுத்தியிருந்தது. குழுவின் உறுப்பினரான ரொனால்டு ரேகன் குடியரசுத் தலைவரானதும் முப்பதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் அரசுப் பதவிகளில் அமர்ந்தார்கள். வெளியே நின்று அரசைத் தட்டிக் கேட்டவர்களே அரசாகிவிட்டார்கள். பெயர் 2004-இல் பயங்கரவாதத்துக்காகவும் 2019-இல் சீனாவுக்காகவும் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டது.

நான் நிட்சேயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1996-இல், சோவியத் ஒன்றியம் கலைந்துவிட்ட பிறகு, கிழக்கு ஐரோப்பிய நாடுகளையும் சேர்த்து நேட்டோவை விரிவாக்க வேண்டும் என்று இன்னொரு குழு அமெரிக்காவில் தொடங்கியது. அதன் தலைவர் புரூஸ் ஜாக்சன் அதே வேளையில் லாக்ஹீட் மார்ட்டின் என்ற ஆயுத நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்தார். புதிய உறுப்பு நாடு என்றால் புதிய போர் விமானச் சந்தை என்று அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள். அதற்காகக் கிழக்கு ஐரோப்பியரின் அச்சமே காசு கொடுத்து உண்டாக்கியது என்று சொல்வது அநியாயம். 1956-இல் புடாபெஸ்டிலும் 1968-இல் பிராகிலும் சோவியத் டாங்கிகள் வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். 1997 நவம்பரில் ஹங்கேரியில் நடந்த பொது வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 85 விழுக்காட்டினர் நேட்டோ வேண்டும் என்றார்கள்.

ஆனால் அதே ஆண்டு ஜூனில் சுமார் ஐம்பது பேர் குடியரசுத் தலைவர் கிளின்டனுக்கு ஒரு வெளிப்படைக் கடிதம் எழுதினார்கள். இந்த விரிவாக்கம் வரலாற்றுப் பிழையாகும், ஐரோப்பாவின் பாதுகாப்பையே கெடுக்கும் என்று அதில் எச்சரித்தார்கள். கையெழுத்திட்டவர்களில் பால் வார்ன்கி இருந்தார். பால் நிட்சேயும் இருந்தார். இருபது ஆண்டுக்கு முன் எதிரெதிரே நின்ற இருவர் பெயரும் ஒரே தாளில்.

செனட் அவர்கள் சொல்லைக் கேட்கவில்லை. 1998 ஏப்ரல் 30 அன்று 80-க்கு 19 என்று விரிவாக்கம் நிறைவேறியது. போலந்தும் ஹங்கேரியும் செக் குடியரசும் 1999 மார்ச்சில் சேர்ந்தன. அதே ஆண்டு அக்டோபரில் நிட்சே பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கா அணு ஆயுதங்களை வைத்திருக்கக் காரணம் எதுவும் தனக்குத் தெரியவில்லை, மற்றவர்களுக்குக் காத்திராமல் தானாகவே அவற்றைக் கைவிட வேண்டும் என்பது அதன் கருத்து. ரகசிய ஆவணம் எழுதியபோது அவருக்கு வயது 43. இதை எழுதியபோது 92.

நன்றி, வணக்கம்.