ஓங்கி நிற்பது ஆய்வே!

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் ஆசிரியர்களே, நாளை ஆசிரியர்களாகப் போகும் பி.எட். மாணவ மாணவியரே, அனைவருக்கும் என் வணக்கம்.

"ஆசிரியக் கல்விக்குத் திசை காட்டிய அமெரிக்கப் பேராசிரியர் லீ ஷுல்மனின் வாழ்நாள் பணியில் ஓங்கி நிற்பது ஆய்வா, தலைமையா?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், தலைமையே என்று நிறுவுவதற்காக ஒரு பட்டியலை வாசித்தார். 1976இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தின் இணை இயக்குநர். 1984-85இல் அமெரிக்கக் கல்வி ஆய்வுக் கழகத்தின் தலைவர். 1997 முதல் 2008 வரை கற்பித்தல் மேம்பாட்டுக்கான கார்னகி அறக்கட்டளையின் தலைவர். பட்டியலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால், வகித்த பதவிகளை வரிசையாக வாசித்துவிட்டு அமர்வதற்கு ஒரு பாராட்டு விழா போதும், பட்டிமன்றம் எதற்கு? அந்தப் பதவிகள் அவரை ஏன் தேடி வந்தன என்ற கேள்விக்கு எதிரணித் தலைவர் விடை சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

ஷுல்மன் 1938இல் சிகாகோவில் பிறந்தார். அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஷ்வாப் போன்ற ஆசான்களிடம் பயின்று, 1963இல் முனைவர் பட்டம் பெற்ற கையோடு மிச்சிகனில் பேராசிரியப் பணியில் சேர்ந்தார். அங்கே அவர் கையில் எடுத்த பெரிய ஆய்வு பள்ளிக்கூடத்தைப் பற்றியதே அன்று என்பதை இந்த அவை கவனிக்க வேண்டும். மருத்துவர் ஒருவர் நோயை எப்படிக் கண்டறிகிறார் என்பதே அந்த ஆய்வின் பொருள். நோயாளிகளைப் போல நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை மருத்துவர்கள் முன் உட்கார வைத்து, அவர்கள் என்ன கேட்கிறார்கள், எந்த நேரத்தில் எதை ஊகிக்கிறார்கள் என்பதையெல்லாம் ஆர்தர் எல்ஸ்டீன் முதலானோருடன் சேர்ந்து பதிவு செய்தார். எல்லாத் தகவலையும் திரட்டி முடித்த பிறகே மருத்துவர் ஒரு முடிவுக்கு வருவார் என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. நடந்ததோ வேறு: நோயாளி பேசத் தொடங்கிய சற்று நேரத்திலேயே சில ஊகங்கள் மருத்துவர் மனத்தில் எழுந்துவிட்டன, அதன் பிறகு கேட்ட கேள்விகள் அந்த ஊகங்களைச் சோதிக்கவே பயன்பட்டன. இன்னொன்றும் தெரியவந்தது. ஒரு நோயைத் துல்லியமாகக் கண்டறிந்த மருத்துவரே வேறொரு நோயில் தடுமாறினார். எல்லா நோய்க்கும் பொதுவான 'கண்டறியும் திறமை' என்று தனியாக ஒன்று இல்லை. அந்தந்த நோயைப் பற்றிய அறிவோடு அது பின்னிக் கிடக்கிறது.

நடுவர் அவர்களே, ஷுல்மனின் பிற்காலப் பணி முழுவதற்கும் விதை இந்த முடிவில்தான் இருக்கிறது. மருத்துவரைப் போல ஆசிரியரும் வகுப்பறையில் நொடிக்கு நொடி ஊகித்து முடிவெடுப்பவர் அல்லவா என்ற எண்ணத்தோடு 1974இல் தேசிய அளவிலான ஆய்வுக் குழு ஒன்றை அவர் வழிநடத்தினார். அந்தக் குழுவின் சிந்தனையை ஒட்டியே, எதிரணித் தலைவர் பெருமையோடு குறிப்பிட்ட மிச்சிகன் நிறுவனம் இரண்டு ஆண்டுகள் கழித்து உருவானது. அங்கே பணியிலிருந்த பள்ளி ஆசிரியர்களையும் ஆய்வில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, முதலில் வந்தது கேள்வி. நாற்காலி பிறகு வந்தது.

அடுத்து, ஆய்வுக் கழகத் தலைமை. அந்தப் பதவிக்கு ஆண்டுக்கு ஒருவர் வருகிறார். ஒவ்வொருவரும் தலைமையுரை ஆற்றுகிறார். அந்த வரிசையில் எத்தனை பெயர்களை நம் எதிரணி நண்பர்களால் இப்போது சொல்ல முடியும்? ஷுல்மன் 1985இல் ஆற்றி, 1986இல் கட்டுரையாக வெளிவந்த உரையை மட்டும் உலகெங்கும் ஆசிரியக் கல்லூரிகள் இன்னமும் எடுத்துப் பேசுகின்றன என்றால், அதற்குக் காரணம் மேடையா, மேடையில் பேசப்பட்ட பொருளா?

அந்த உரையில் அவர் ஒரு பழைய தேர்வுத்தாளை எடுத்துக் காட்டினார். 1875இல் கலிஃபோர்னியாவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் வேலைக்கு நடத்தப்பட்ட தேர்வு அது. மொத்த மதிப்பெண் 1,000. எழுத்துக் கணக்கு, மனக்கணக்கு, இலக்கணம், புவியியல், இயற்கணிதம், உடலியல், கையெழுத்து என்று தாள் நீண்டுகொண்டே போகிறது. கற்பித்தல் என்னும் கலைக்கு ஒதுக்கியது 50 மதிப்பெண். "சோம்பலும் அக்கறையின்மையும் உள்ள மாணவரை எப்படி ஆர்வம் கொள்ளச் செய்வீர்? முழுமையாக விடை தருக" என்ற வகையிலான கேள்விகள் அந்தப் பகுதியில் இருந்தன. ('முழுமையாக' என்ற சொல்லைப் பாருங்கள், அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் முழுமையாக விடை எழுதவில்லை.) பிறகு 1980களில் அமெரிக்க மாநிலங்கள் ஆசிரியரை மதிப்பிடக் கொண்டுவந்த அளவுகோல்களை அதன் அருகில் வைத்தார். அங்கே எல்லாம் தலைகீழ். வகுப்பை அடக்கி நடத்துகிறாரா, கேள்வி கேட்டபின் போதிய நேரம் காத்திருக்கிறாரா, பாராட்டுகிறாரா என்றெல்லாம் பார்த்தார்கள். அவர் நடத்துகிற பாடம் அவருக்கு விளங்கியிருக்கிறதா, அதை மாணவர் பிழையாகப் புரிந்துகொள்ளும் இடம் எது என்று அவருக்குத் தெரியுமா என்பதைப் பார்க்க ஒரு கட்டம்கூட இல்லை. பாடம் எங்கே போயிற்று என்று அவர் கேட்டார்.

பாடத்தை அறிந்திருப்பது வேறு. பொதுவான கற்பித்தல் உத்திகளை அறிந்திருப்பது வேறு. இந்தப் பாடத்தை இந்த மாணவருக்கு எந்த எடுத்துக்காட்டால், எந்த வரிசையில், எந்தத் தவறான எண்ணத்தைக் களைந்து விளங்க வைப்பது என்று அறிந்திருப்பது இரண்டிலும் அடங்காத தனி அறிவு. பின்னத்தைக் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி வைக்கும் குழந்தை ஏன் அப்படிச் செய்கிறது என்று கணித மேதைக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பு ஆசிரியருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். 'செய்யத் தெரிந்தவன் செய்கிறான், தெரியாதவன் கற்பிக்கிறான்' என்று பெர்னார்ட் ஷா ஏளனமாகச் சொன்னதை எடுத்துக்கொண்டு, 'செய்ய முடிந்தவர் செய்கிறார்; புரிந்துகொண்டவர் கற்பிக்கிறார்' என்று ஷுல்மன் திருத்தியதற்கு ஆதாரமாக நின்றது இந்த அறிவே.

இதை அவர் சொல்லலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. 1982இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின், அவரும் அவர் மாணவர்களும் புதிதாகப் பணிக்கு வரும் ஆசிரியர்களின் வகுப்பறைகளில் போய் அமர்ந்து கவனித்தார்கள். ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற ஓர் இளம் ஆசிரியையைப் பற்றி 1987இல் வெளியான கட்டுரையில் எழுதுகிறார். கதையோ கவிதையோ நடத்தும்போது அவர் வகுப்பு விவாதத்தால் கலகலக்கும். ஒருநாள் இலக்கணம் நடத்த நேர்ந்தது. அது அவருக்கு நிச்சயமில்லாத பகுதி. அன்றைக்கு அவர் வேறொரு ஆளாக மாறிப்போனார். பாடத்தை வேகவேகமாக ஒப்பித்தார். கேள்விக்கு இடமே கொடுக்கவில்லை. முன்வரிசையில் எப்போதும் நல்ல கேள்வி கேட்கும் மாணவர் ஒருவரின் கண்ணைப் பார்ப்பதையே வேண்டுமென்று தவிர்த்ததாகப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். எந்தத் தலைமை நாற்காலியில் அமர்ந்தால் இந்தக் காட்சி ஒருவர் கண்ணில் படும்? கடைசி வரிசையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கும் ஆய்வாளருக்கே அது படும்.

"ஆய்வு அலமாரியில் தூங்கும், அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது தலைமை" என்று எதிரணி வாதிட்டது. நியாயமான வாதம், பல ஆய்வுகளைப் பொறுத்தவரை உண்மையும்கூட. ஷுல்மனுக்கு அது பொருந்தாது. சிறந்த ஆசிரியர்களுக்குச் சான்றிதழ் வழங்குவதற்காக 1987இல் அமெரிக்காவில் தேசிய வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆசிரியரின் திறமையை எப்படி அளப்பது என்று அந்த வாரியத்துக்கு முன்மாதிரி காட்டியது ஸ்டான்ஃபோர்டில் ஷுல்மன் நடத்திய ஆசிரியர் மதிப்பீட்டுத் திட்டம். சரியான விடைக்கு நேரே கோடிடும் தேர்வை ஒதுக்கிவிட்டு, தொடக்கப்பள்ளிக் கணிதத்துக்கும் உயர்நிலைப் பள்ளி வரலாற்றுக்கும் தனித்தனியே செயல்முறைப் பயிற்சிகளை அந்தக் குழு வகுத்துச் சோதித்தது. ஆசிரியர் தம் வகுப்புப் பணியின் சான்றுகளைத் தொகுத்துக் காட்டும் பணித்தொகுப்பு முறையும் அந்தக் களத்திலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. இவ்வளவும் நடந்து பல ஆண்டுகள் கழித்தே அவர் கார்னகி அறக்கட்டளையின் தலைமைக்கு வந்தார். தலைமை வரும்வரை ஆய்வு தூங்கியிருந்தது என்பவர்கள் ஆண்டுகளைக் கொஞ்சம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கார்னகியில் இருந்த பதினோர் ஆண்டுகளில் அவர் பெரும் பணி ஆற்றினார். அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே அவர் செய்தது என்ன? வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர், செவிலியர், சமய குருமார் ஆகியோரை உருவாக்கும் கல்வியை ஒப்பிட்டு ஆராய வைத்தார். மருத்துவக் கல்விக்கு நோயாளியின் படுக்கையருகே நடக்கும் விவாதம், சட்டக் கல்விக்கு வழக்கை முன்வைத்து மாணவரைக் குறுக்குக் கேள்வி கேட்கும் வகுப்பு என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனக்கேயுரிய கற்பிக்கும் முறை இருப்பதை 2005இல் எழுதினார். மிச்சிகனில் மருத்துவர்களைக் கவனித்தபோது எழுந்த கேள்வியை, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தலைவர் நாற்காலியில் அமர்ந்தும் அவர் விடவில்லை.

நேரம் முடிந்ததற்கு மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழிக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கார்னகிக்குத் தலைவராக வருவதற்கு முந்தைய ஷுல்மனை ஆசிரியக் கல்வி உலகம் ஏன் அறிந்திருந்தது என்பதற்கு, ஆய்வு என்ற சொல்லையே பயன்படுத்தாமல் விடை சொல்லிவிட்டு, அவர் தம் வாதத்தைத் தொடங்கட்டும்.