நெட்ல பட்டு விழுந்த சர்வீஸும் 20 ரூபா ஊசியும்

ஹாய் மக்களே, வணக்கம் வணக்கம். இன்னிக்கு சுக்கு காபி கூட போடல, பாருங்க ஃபிளாஸ்க் காலியா இருக்கு, கிரவுண்ட்ல இருந்து வந்து மூஞ்ச கழுவிட்டு நேரா கேமரா முன்னாடி உக்காந்துட்டேன். ஏன்னா இதை இப்பவே சொல்லியாகணும். காலைல வாலிபால்ல நான் போட்ட சர்வீஸ்ல ஒரு செட் முடிஞ்சிருக்கு! அண்டர்ஆர்ம் இல்ல, தலைக்கு மேல தூக்கிப் போட்டு அடிக்கிற சர்வீஸ்!

போன மாச வீடியோல வாலிபால் கத்துக்கப் போறேன்னு சொன்னேன்ல, லேடீஸ் பேட்ச், காலைல அஞ்சே முக்கால், அந்த ஸ்கூல் கிரவுண்ட். அங்க எங்களுக்கு முன்னாடியே ரொம்ப வருஷமா ஆடிட்டு இருக்கிற அண்ணன்மாருங்க டீம் ஒண்ணு இருக்கு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையா, எங்க கோச் சார் ரெண்டு டீமையும் கலந்து விட்டு ஒரு மேட்ச் வச்சாரு. ஆறு பேர் இந்தப் பக்கம், ஆறு பேர் அந்தப் பக்கம். ஸ்கோர் 24-23, நாங்க முன்னாடி, சர்வீஸ் என் கைல. விசில் அடிச்சதுல இருந்து எட்டு செகண்டுக்குள்ள அடிச்சாகணும், அது ரூல். நான் ரெண்டு தடவ பந்தைத் தட்டிட்டு தூக்கிப் போட்டு அடிச்சேன், அது போய் நெட்டோட மேல் பட்டைல டப்புனு பட்டு, ஒரு நொடி அங்கயே நின்ன மாதிரி இருந்துச்சு, அப்புறம் அந்தப் பக்கம் விழுந்துடுச்சு. முன்னாடி நின்ன அண்ணன் ஓடி வந்தும் கை எட்டல.

நாங்கல்லாம் கத்துறோம், எதிர் டீம்ல ஒரு அண்ணன் "ஃபால்ட்டு ஃபால்ட்டு, நெட்ல பட்டுடுச்சும்மா"ன்னு பந்தை எடுத்து வச்சுக்கிட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! நெட்ல பட்டாலும் அந்தப் பக்கம் கோட்டுக்குள்ள விழுந்தா ஆட்டம் நடக்கும், நிறுத்தவே கூடாது. இந்த ரூல் மாறி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த அண்ணன் காலேஜ்ல ஆடினது தொண்ணூறுகள்ல, அப்ப நெட்ல பட்டா தப்பு தான், அவரு கத்துக்கிட்டதைத் தான் அவரு சொல்றாரு, அதுல அவரு மேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா பாயிண்ட் என்னுது. சார் விசில் ஊதி எங்க பக்கம் கையக் காட்டிட்டாரு. 25-23. முடிஞ்சிது.

ஒரு நிமிஷம், ஸ்கோர் எப்படின்னு சொல்லாம போயிட்டேன். ஒரு செட்டுக்கு 25 பாயிண்ட், ஆனா ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் இருந்தா தான் செட்டு முடியும், 24-24 ஆயிட்டா இழுத்துட்டே போகும். அஞ்சாவது செட் வந்தா மட்டும் 15. முன்னாடி 15 பாயிண்ட் தான், அதுவும் சர்வீஸ் போடுற டீமுக்கு மட்டும் தான் பாயிண்ட் ஏறும். 1998-ல அதை மாத்தினாங்க, இப்ப யாரு ஜெயிச்சாலும் பாயிண்ட். எனக்கு இது தான் பிடிச்சிருக்கு, ஒவ்வொரு பந்துக்கும் நெஞ்சு அடிச்சுக்குது.

சரி, இப்ப முக்கியமான விஷயம். இதுக்குத் தான் வீடியோ ஆன் பண்ணேன், சர்வீஸ் பத்தி பேசிட்டே போயிட்டேன். மூணு வாரம் முன்னாடி நான் வாலிபாலையே விட்டுடலாம்னு இருந்தேன். கை. இந்த மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும், சிவப்பு சிவப்பா தடிச்சு, மாவு பிசையக்கூட முடியல. ரெண்டு கையையும் சேத்து நீட்டி பந்தை வாங்குறோம்ல, அண்டர்ஆர்ம் பாஸ், அதுல தான் வலி. எல்லாரும் "ஆரம்பத்துல அப்படித் தான் இருக்கும், பழகிடும்"னாங்க. எனக்கு சுத்தமா பிடிக்காத வார்த்தை இந்த "பழகிடும்". ஏன் வலிக்குதுன்னு யாராவது பாத்தீங்களா?

நான் பாத்தேன். 650 ரூபா குடுத்து வாங்கின பந்து, வீட்ல பாப்பாகூட பிராக்டீஸ் பண்றது அதுல தான். டெய்லரிங் டேப்பை எடுத்து சுத்தி அளந்தேன், 66 சென்டிமீட்டர், ரூல்ல 65-ல இருந்து 67 வரைக்கும் இருக்கலாம், ஓகே. கிச்சன்ல கேக்குக்கு மைதா எடை போடுவேன்ல, அந்த மெஷின்ல வச்சேன், 272 கிராம், ரூல் 260-ல இருந்து 280, அதுவும் ஓகே. அப்ப பாக்கி என்ன? காத்து! பந்து வாங்கின அன்னிக்கே பஞ்சர் கடைல குடுத்து காத்து அடிச்சோம், அந்தத் தம்பி டயருக்கு அடிக்கிற மாதிரி கம்ப்ரஸர்ல ஒரே அமுக்கு, கட்டை விரலால அமுக்கினா கல்லு மாதிரி இருக்கு, நானும் சூப்பர்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

அப்புறம் காத்தோட அழுத்தத்தை பிஎஸ்ஐ கணக்குல காட்டுற கேஜ் ஒண்ணு ஆர்டர் போட்டேன், 380 ரூபா. வீட்டுக்காரர் பந்து 650, அதுக்கு மீட்டர் 380-ஆன்னு கேட்டாரு. வச்சுப் பாத்தா 9 பிஎஸ்ஐ! வாலிபாலுக்கு எவ்ளோ தெரியுமா? 4.3-ல இருந்து 4.6 தான். ஃபுட்பாலுக்குத் தான் 8.5-க்கு மேல வேணும். ரெண்டு மடங்கு காத்தோட மூணு நாள் என் கைல வாங்கியிருக்கேன்.

இதுல ஊசி கதை வேற. காத்து இறக்கணும்னா ஊசி வேணும்ல, ஒரு ஸ்போர்ட்ஸ் கடைல 50 ரூபா சொன்னாங்க, ஒரு ஊசி! சின்ன ஊசி! பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இன்னொரு கடைல அதே ஊசி 20 ரூபா. நான் திரும்பி நடந்தே போய் அந்த 20 ரூபா ஊசிய தான் வாங்கினேன். 30 ரூபாய்க்கு ரெண்டு கட்டு கீரை வரும். அப்புறம் தயவுசெஞ்சு ஊசிய காஞ்சபடி குத்தாதீங்க, தண்ணில நனைச்சிட்டு நேரா இறக்குங்க, இல்லன்னா உள்ள இருக்கிற வால்வு கிழிஞ்சு பந்து மொத்தமா போயிடும். கொஞ்சம் கொஞ்சமா காத்தை விட்டு 4.5-ல நிறுத்தினேன். அடுத்த நாள் காலைல கைல பந்து விழுற சத்தமே மாறிடுச்சு மக்களே, டங்குனு இருந்தது தொப்புனு ஆச்சு.

ஆனா பந்து மட்டும் காரணம்னு சொன்னா அது முழு உண்மை இல்ல, அதையும் சொல்லிடுறேன். மணிக்கட்டு எலும்பு மேல வாங்கிட்டு இருந்தேன். சார் சுண்ணாம்புல என் கைல ஒரு பட்டை போட்டாரு, மணிக்கட்டுக்கு மேல, முழங்கைக்குக் கீழ, சதை இருக்கிற இடம். பந்து பட்டா சுண்ணாம்பு கலையணும், வேற எங்க பட்டாலும் கணக்கு இல்ல. ரெண்டு கட்டை விரலும் பக்கத்துல பக்கத்துல, முழங்கை மடங்கக் கூடாது, கைய வீசவே கூடாது. கால மடக்கி உக்காந்து, எந்திரிக்கிற வேகத்துல தான் பந்து போகணும். சார் சொல்றது ஒரே வார்த்தை, "கால் போகட்டும், கை இருக்கட்டும்". பந்து வர்ற இடத்துக்கு முன்னாடியே கால் போயிடணும், அங்க போய் நின்னுட்டா கைக்கு வேலையே இல்ல.

சார் யாருன்னு புதுசா பாக்குறவங்களுக்கு, ரிட்டையர்டு பி.டி. சார், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. காலேஜ்ல படிச்சவரு, ஹாரி குரோ பக் 1920-ல ஆரம்பிச்ச காலேஜ் அது. வாலிபாலே ஒய்.எம்.சி.ஏ.ல பொறந்தது தான்னு அவருக்கு அவ்ளோ பெருமை. 1895-ல அமெரிக்காவுல ஹோலியோக்ங்கிற ஊர்ல வில்லியம் மோர்கன் கண்டுபிடிச்சாரு, முதல்ல மின்டனெட்னு பேரு வச்சிருந்தாங்க. 1986 சியோல் ஆசிய விளையாட்டுல நம்ம இந்தியா டீம் வெண்கலம் வாங்கினதைப் பேச ஆரம்பிச்சா, ஜிம்மி ஜார்ஜ் எகிறி அடிக்கிறதை சார் நின்ன எடத்துலயே கைய தூக்கிக் காட்டுவாரு, எங்களுக்கு வார்ம்-அப் டைமே போயிடும், எனக்கு அது ரொம்ப பிடிக்கும்.

ரொட்டேஷன் தான் எனக்கு மண்டைல ஏறாம இருந்துச்சு. எதிர் டீம் சர்வீஸ் போட்டு நாங்க பாயிண்ட் எடுத்தா சர்வீஸ் எங்களுக்கு வரும், அப்ப மட்டும் ஆறு பேரும் கடிகாரம் சுத்துற மாதிரி ஒரு எடம் நகரணும். நாங்களே சர்வீஸ் போட்டு நாங்களே ஜெயிச்சா நகரவே கூடாது, அதே ஆள் தான் திரும்பப் போடணும். வலது பக்கம் பின்னாடி இருக்கிறது ஒண்ணாம் நம்பர், அவங்க தான் சர்வீஸ். நான் வீட்ல டைனிங் டேபிள் மேல ஆறு டம்ளர் வச்சு நகத்தி நகத்திப் படிச்சேன். பின்வரிசைல இருக்கிறவங்க நெட்ல இருந்து மூணு மீட்டர் தள்ளி போட்டிருக்கிற கோட்டுக்கு முன்னாடி நின்னு, நெட்டுக்கு மேல இருக்கிற பந்தை அந்தப் பக்கம் அடிச்சு அனுப்பக் கூடாது, கோட்டுக்குப் பின்னாடி இருந்து எகிறி அடிச்சா தப்பில்ல.

ஒரு டீம் மூணு தடவ தான் தொடலாம்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பிளாக் பண்ணும்போது, அதாவது நெட்டுகிட்ட கைய தூக்கி எதிர் டீம் பந்தைத் தடுக்கும்போது, கைல பட்டது அந்த மூணுல சேராது. அது தெரியாம போன வாரம் நாங்க நாலு டச்னு நினைச்சு பந்தை விட்டுட்டோம், அந்த பாயிண்ட் இன்னும் உறுத்துது.

அய்யோ, சர்வீஸுக்குப் பந்தைத் தூக்கிப் போடுறோம்ல, அந்த டாஸ் பத்தி சொல்லவே இல்லையே! கமென்ட்ல நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சர்வீஸுக்குப் பந்தை ரொம்ப உயரமா போடாதீங்க. நான் தென்னை மரம் உயரம் போட்டுட்டு இருந்தேன், காத்துல எங்கயோ போகும். இப்ப தலைக்கு மேல ஒரு முழம், அடிக்கிற தோளுக்கு நேரா, பந்து சுத்தாம. உள்ளங்கையோட அடிப்பாகத்தால நடுவுல அடிச்சிட்டு கைய அங்கயே நிறுத்திடணும். பந்து சுழலாம போகும், போற வழில தானா ஆடும், வாங்குறவங்களுக்குக் கஷ்டம். இன்னிக்கு பத்து சர்வீஸ்ல ஏழு தாண்டுச்சு, முதல் வாரம் ஒண்ணு கூட தாண்டல. எங்க நெட் 2.24 மீட்டர், லேடீஸ் உயரம், சார் ஒரு மூங்கில் குச்சில கோடு போட்டு வச்சிருக்காரு, தினமும் நடுவுல வச்சுப் பாத்துட்டுத் தான் ஆட விடுவாரு. ஆம்பளைங்களுக்கு 2.43. அந்த உயரத்துலயும் போட்டுப் பாக்கணும்னு ஆசையா இருக்கு.

குக்கர் விசில் வந்துடுச்சு, பாப்பா கூப்பிடுறா. அடுத்த வீடியோல ஃபிங்கர் பாஸ், அதுக்குள்ள உங்க பந்தை ஒருதடவ கட்டை விரலால அமுக்கிப் பாத்துட்டு எப்படி இருந்துச்சுன்னு கமென்ட்ல போடுங்க, வரேன் மக்களே.