கப்பலிலும் ஒரு பெரட்டு உண்டு

மலையகத்து நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இருந்து கேட்பவர்களுக்குக் கடலில் மூழ்கிய கப்பல்களைப் பற்றி எதற்காகச் சொல்ல வேண்டும் என்று ஒரு கேள்வி வரலாம். நமது வம்சமே கடல் கடந்து வந்த வம்சம். 1864இல் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி வந்த ஆதிலட்சுமி கப்பல் மூழ்கியதை இன்றும் நம் எழுத்தாளர்கள் நினைவுகூருகிறார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, பெட்டியும் படுக்கையுமாகத் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறிப் போனவர்களின் சொந்தபந்தம் இல்லாத லயம் குறைவு. ஆகவே இது நமக்கும் உரிய விசயம்தான்.

தோட்டத்தில் விடியும் முன்பே, ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுத் தப்பு அடித்த காலம் உங்களுக்குத் தெரியும். தப்புச் சத்தம் கேட்டால் எழும்ப வேண்டும், களத்துக்குப் போக வேண்டும், தன் இடத்தில் நிற்க வேண்டும், ஆள் கணக்கு எடுப்பார்கள். கப்பலிலும் அச்சு அசலாக இதேதான். ஊதுகொம்பு ஏழு தடவை குறுக்கி ஊதும், எட்டாவது தடவை நீட்டி ஊதும். ஏழு குட்டை, ஒரு நெட்டை. அதுதான் கடலின் பெரட்டுத் தப்பு. கேட்டவுடன் உயிர்காப்பு அங்கியை எடுத்துக்கொண்டு தனக்கென்று குறித்த இடத்துக்குப் போக வேண்டும். பெட்டியை எடுக்கத் திரும்பக் கூடாது.

இதைப் பழகாமல் கப்பலை ஓட்டினால் என்ன ஆகும்? 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கொஸ்தா கொன்கோர்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் இடித்துச் சாய்ந்தது. அன்று மாலைதான் ஏறியிருந்த பல நூறு பயணிகளுக்குப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அன்றைய விதி. 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதியை மாற்றி, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்டவுடனேயோ பயிற்சி நடக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். 2015இலிருந்து அதுதான் நடைமுறை.

இனி நான் சொல்ல வந்த கப்பலுக்கு வருகிறேன். பேர்க்கன்ஹெட். துடுப்புச் சக்கரம் வைத்த இரும்புக் கப்பல். பிரிட்டிஷ் படையாட்களை ஏற்றிக்கொண்டு 1852 பெப்ரவரி 25ஆம் திகதி தென்னாபிரிக்காவின் சைமன்ஸ் டவுனை விட்டுப் புறப்பட்டது. ஏறக்குறைய 640 பேர். அடுத்த நாள் அதிகாலை இரண்டு மணி, கடல் அமைதி, வானம் தெளிவு. டேஞ்சர் பொயின்ட் முனைக்கு அருகே, வரைபடத்தில் இல்லாத ஒரு பாறையில் மோதியது. கரை மூன்று கிலோமீற்றர் தூரம்தான்.

கீழ்த் தட்டில் தூளிப் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய நூறு பேர் எழும்பும் முன்பே மூழ்கிப் போனார்கள். கப்டன் சால்மண்ட், கப்பலைப் பாறையிலிருந்து விடுவிக்க நினைத்து எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டச் சொன்னார். அது பிழையாகிப் போனது. பின்னால் இழுத்ததும் பாறை அடித்தட்டை இன்னும் கிழித்தது, தண்ணீர் எஞ்சின் அறைக்குள் பாய்ந்தது. கப்பல் பாறையில் குத்தி நிற்கும்போது பாறையே ஓட்டையை அடைக்கும் தக்கையாகவும் இருக்கலாம். எவ்வளவு உடைந்திருக்கிறது என்று பார்க்காமல் தக்கையைப் பிடுங்கக் கூடாது.

மேல்தட்டில் லெப்டினன்ட் கேர்ணல் செட்டன் ஆட்களை வரிசையில் நிறுத்தினார். அறுபது பேரைத் தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்கு முறை வைத்து அனுப்பினார். மற்றும் சிலரைப் படகு இறக்க அனுப்பினார். மிச்சப் பேர் அப்படியே நின்றார்கள். நின்றவர்கள் யார்? போர் பார்த்துப் பழுத்தவர்கள் அல்ல, பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த இளம் பையன்கள். பல படைப்பிரிவுகளிலிருந்து பொறுக்கி ஏற்றியவர்கள், ஒருவரையொருவர் சரியாகத் தெரியாதவர்கள். வரிசையில் நிற்பது மட்டும் அவர்கள் உடம்புக்குப் பழகியிருந்தது.

பெண்கள் ஏழு பேரையும் பிள்ளைகள் பதின்மூன்று பேரையும் ஒரு படகில் இறக்கி அனுப்பினார்கள். கப்பல் உடையத் தொடங்கியதும், நீந்தத் தெரிந்தவர்கள் குதித்துப் படகுகளை நோக்கிப் போகலாம் என்று கப்டன் சொன்னார். செட்டன் தடுத்தார். இத்தனை பேரும் போய்ப் பிடித்தால் பெண்களும் பிள்ளைகளும் இருக்கும் படகு கவிழும், நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மூன்று பேருக்கு மேல் நகரவில்லை என்று உயிர் தப்பிய அதிகாரி ஒருவர் பிறகு எழுதினார். மோதிய அரை மணி நேரத்துக்குள் கப்பல் போய்விட்டது. பெண்களும் பிள்ளைகளும் ஒருவர் விடாமல் பிழைத்தார்கள். மொத்தம் பிழைத்தவர்கள் 193 பேர். செட்டனும் சால்மண்டும் அதில் இல்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்த மாட்டேன். அந்தக் கப்பலில் இருந்த எட்டுப் படகுகளில் மூன்றுதான் தண்ணீரில் இறங்கின. ஏன்? படகைத் தாங்கும் இரும்புக் கையில் ஓர் ஆணி இருக்கும். அதைக் கழற்றினால்தான் படகை வெளியே தள்ள முடியும். அந்த ஆணி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. கயிறு ஓடும் கப்பிகள் பெயின்ட் பூசிப் பூசி ஒட்டிப் போயிருந்தன. அழகாகத்தான் தெரிந்திருக்கும். இருட்டில், சாய்ந்த தட்டில், அந்த இளைஞர்கள் ஆணியைத் தட்டித் தட்டிப் பார்த்திருப்பார்கள். மேலே அத்தனை கட்டுப்பாடு, கீழே ஓர் ஆணிக்குக் கிரீஸ் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், அந்த ஆணிக்கு மாதம் ஒருமுறை கிரீஸ் போட்டு, படகை ஒருமுறை தண்ணீரில் இறக்கிப் பார்த்திருந்தால் இன்னும் எத்தனையோ பேர் கரை சேர்ந்திருப்பார்கள். இன்றைய கடல் விதிகள் படகைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

பெண்களும் பிள்ளைகளும் முதலில் என்பது கடலின் ஆதிகாலச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் எழுதப்பட்டதில்லை. பேர்க்கன்ஹெட்டுக்கு இரண்டே வருடம் கழித்து, 1854 செப்டெம்பரில், ஆர்க்டிக் என்ற அமெரிக்கக் கப்பல் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் இன்னொரு கப்பலோடு மோதியது. அங்கேயும் கப்டன் அதே கட்டளையைத்தான் கொடுத்தார். கப்பலாட்களே படகுகளில் பாய்ந்து ஏறினார்கள். ஒரு பெண்ணோ ஒரு குழந்தையோ தப்பவில்லை.

சொன்னதைக் கேட்பது மட்டும் உயிரைக் காப்பாற்றிவிடாது. 2014 ஏப்ரல் 16, தென்கொரியாவில் செவோல் என்ற கப்பல். அறையிலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. பள்ளிப் பிள்ளைகள் கேட்டார்கள். கப்பல் கவிழ்ந்துகொண்டிருக்கும்போது கப்டன் முதலில் வந்த படகில் ஏறிப் போனார். 304 பேர் போய்விட்டார்கள், அவர்களில் பெரும்பாலானோர் மாணவர்கள். நில்லுங்கள் என்று சொன்ன செட்டன் எங்கே நின்றார் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நேரம் ஓடிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். கைக்கு உதவும் சிலதைச் சொல்லியே ஆக வேண்டும்.

உயிர்காப்பு அங்கியின் வார்களை இழுத்து இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்திருந்தால் குதித்தவுடன் அது மேலே ஏறி முகத்தை மூடும். காற்று ஊதும் அங்கியை உள்ளே இருக்கும்போது ஊதாதீர்கள். அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போகும் நம் பெண்பிள்ளைகள் விமானத்திலும் இதை மறக்கக் கூடாது. 1996இல் கொமொரோஸ் தீவருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில், உள்ளேயே ஊதிக்கொண்டவர்களைத் தண்ணீர் கூரையோடு அழுத்தி வைத்தது, குனிந்து கதவுக்கு வர முடியவில்லை.

குதிப்பது கடைசி வழி. ஏணி இருந்தால் ஏணி. குதித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கையால் மூக்கைப் பிடியுங்கள், மறு கையால் அங்கியைக் கீழே அழுத்துங்கள், கால்களைச் சேருங்கள், நேரே பாருங்கள், கீழே பார்க்காதீர்கள். தண்ணீரில் விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு இரைக்கும். நீந்தப் போகாமல் மிதந்து அதைக் கடத்துங்கள். பிறகு முழங்காலை நெஞ்சோடு மடக்கி இருங்கள். நாலைந்து பேர் இருந்தால் நெருங்கி அணைத்துக்கொண்டு பிள்ளைகளை நடுவில் வையுங்கள். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை எடுக்கும்.

மிதவைப் படகு பீப்பாய்போல ஒரு பெட்டிக்குள் இருக்கும். தள்ளும் முன்பு அதன் கயிறு கப்பலோடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், கட்டாமல் தள்ளினால் அலை கொண்டுபோய்விடும். தள்ளிவிட்டுக் கயிறு முடியும் மட்டும் இழுத்து, வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினால் ஊதிக்கொள்ளும். உள்ளே ஏறியதும் குமட்டல் மாத்திரையை எல்லோரும் போட வேண்டும். வாந்தியோடு உடம்பின் தண்ணீர் போய்விடும்.

குடிதண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: காயப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு முதல் 24 மணி நேரம் தண்ணீர் வேண்டாம். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றர், மூன்று தடவையாக, வாயை நனைத்து நனைத்து. மழை பெய்தால் கூரைத் துணியில் பிடிக்கலாம், முதலில் வடியும் உப்புத் தண்ணீரை விட்டுவிட்டு. கடல் தண்ணீர் ஒரு மிடறும் கூடாது. விளக்கு எரிந்துவிட்டது, நேயர்களே. வணக்கம்.